நிறுத்துவதற்காகக் குடித்த கம்மூன்

எங்கள் நோங்கா கிராமத்தில் கம்மூனுக்கு எந்தக் கெட்ட பழக்கமும் கிடையாது. இதை யாரும் பெருமையாகச் சொன்னதில்லை. பப்பாளி மரத்தில் முள் இல்லை என்று யாராவது ஊரைக் கூட்டிச் சொல்வார்களா, அந்த மாதிரிதான். குடிக்க மாட்டார். புகை கிடையாது. சேவல் சண்டைக்குப் போனால் சேவலைத்தான் பார்ப்பார். கள்ள லாட்டரி விற்கிற பெண் எல்லார் வீட்டு வாசலிலும் மோட்டார் சைக்கிளை நிறுத்துவாள், கம்மூன் வீட்டைத் தாண்டும்போது மட்டும் வேகத்தைக் கூட்டுவாள். அங்கே நின்றால் பெட்ரோல்தான் வீண்.

அவருடைய தொழில் பந்தல். கல்யாணமோ சாவோ புதுவீடோ, பையன் மொட்டையடித்துத் துறவுக்குப் போவதோ, எதுவானாலும் நீலத் தார்ப்பாய்ப் பந்தலும் சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலிகளும் அவரிடமிருந்துதான் வர வேண்டும். எங்கள் வடகிழக்குச் சீமையில் பந்தல் போட்டால் அதன் கீழே ஒரு குடிவட்டம் தானாக முளைத்துவிடும். ஒரே ஒரு கண்ணாடி டம்ளர். ஒருவர் ஊற்றுவார். டம்ளர் வட்டத்தைச் சுற்றி வரும். முறை வந்தவர் ஒரே மடக்கில் காலி செய்துவிட்டு நீட்ட வேண்டும், மற்றவர்கள் காத்திருக்கிறார்கள். அந்த டம்ளர் கம்மூன் பக்கம் வந்தால் நிற்காமல் தாண்டிப் போகும். இத்தனை வருஷத்தில் ஒரு தடவைகூட யாரும் அவரை வற்புறுத்தியதில்லை. அதற்குக் காரணம் மரியாதை அல்ல. வட்டம் கலைந்த பிறகு எல்லாரையும் வீடு கொண்டுபோய்ச் சேர்ப்பவர் அவர்தான்.

கைடிராக்டருக்குப் பின்னால் ஒரு நீள வண்டி. அதில் முதலில் நாற்காலிகளை அடுக்குவார், மேலே மனிதர்களை ஏற்றுவார். மனிதர்களை அவரவர் வாசலில் இறக்கிவிட்டு நாற்காலிகளைத் தன் கொட்டகைக்குக் கொண்டுபோவார். எப்போதாவது கணக்குத் தவறிவிடும். ஒரு நாள் காலையில் கொட்டகையைத் திறந்தபோது அடுக்கின நாற்காலிகளுக்கு நடுவே புன்தோம் உட்கார்ந்து, இங்கே யார் செத்தது என்று கேட்டான்.

புன்தோம் எங்கள் ஊரின் முதல்தரக் குடிகாரன். அவனுக்குச் சமமாகக் குடிக்கிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் அவர்களுக்கெல்லாம் வேறு வேலையும் உண்டு.

இப்படி இருந்த ஊருக்குத்தான் பஞ்சசீல கிராமம் என்ற திட்டம் வந்தது. உயிரைக் கொல்லாதே, திருடாதே, அடுத்தவர் துணையைத் தொடாதே, பொய் சொல்லாதே, போதை ஏற்றாதே. ஊர் எல்லையில் பெயர்ப்பலகை நட்டார்கள். விகாரையில் கூட்டம் போட்டார்கள். ஊர்த்தலைவர் சம்ரான் கம்பத்து ஒலிபெருக்கியில் தினமும் காலையில் ஒரு சீலத்தைப் பற்றிப் பேசினார். பேசப் பேச ஒன்று தெளிவானது. முதல் நான்கை மீறுகிறவர்கள் வெளியே தெரிவதில்லை. ஐந்தாவதை மீறுகிறவன் மட்டும்தான் சாலையில் விழுந்து கிடக்கிறான். எனவே திட்டம் மற்ற நான்கையும் மக்களின் மனசாட்சிக்கு விட்டுவிட்டு ஐந்தாவதை இறுகப் பிடித்துக்கொண்டது.

மழைக்காலத்தில் பிக்குகள் விகாரையை விட்டு வெளியே தங்காத நோன்பு மாதங்கள் உண்டு. அந்த மாதங்களில் குடியை நிறுத்துவதாகச் சபதம் எடுப்பவருக்கு விகாரைத் தலைவரான பெரிய சாமி மணிக்கட்டில் வெள்ளை நூல் கட்டுவார். நோன்பு முடியும் நாளில் நூல் அறுபடாமல் இருந்தால் மேடை, கைதட்டல், நெஞ்சில் சிவப்பு இதயம் அச்சடித்த சட்டை. பட்டத்தின் பெயர் கல்நெஞ்சர். இங்கே அது பாராட்டு.

புன்தோம் வருஷா வருஷம் கல்நெஞ்சன் ஆனான். மேடையில் ஏறி அழுவான், கீழே பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள், அவன் மனைவிக்குச் சாமந்தி மாலை போடுவார்கள். மறுநாள் அதே சட்டையில் குடிக்க ஆரம்பிப்பான். மழை விட்ட நாளில் அவன் வீட்டுக் கொடியில் ஒரே மாதிரிச் சட்டைகள் வரிசையாகத் தொங்கும். வெளியூர்க்காரர்கள் அது மதுவிலக்குச் சங்கத்தின் கிளை என்று நினைத்துக்கொண்டு போவார்கள்.

அப்படி ஒரு விழா முடிந்த மாலையில் கம்மூனும் அவர் மனைவி சோயும் தார்ப்பாயை மடித்துக்கொண்டிருந்தார்கள். சோய் விடிவதற்கு முன்னால் எழுந்து அரிசிச் சேவை பிழிந்து சந்தையில் விற்பவள். அதற்குப் பிறகு வயல், அதற்குப் பிறகு பந்தல்.

"புன்தோம் பொண்டாட்டிக்கு மாலை போட்டாங்களே, பாத்தீங்களா?" என்றாள்.

"பாத்தேன். நாற்காலி போட்டதே நான்தானே."

"அவ என்ன பண்ணா? அவன் குடிச்சப்ப திட்டினா, நிறுத்தினப்ப அழுதா. அதுக்கு மாலை. நானும் உங்களோட இத்தன வருஷம் குடும்பம் நடத்தறேன். ஒருத்தராச்சும் என்னை அந்த மேடைக்குக் கூப்டாங்களா?"

"நான்தான் எதுவும் பண்ணலியே."

"அதத்தான் நானும் சொல்றேன். அந்த முனைய இழுத்துப் பிடிங்க, தண்ணி நிக்குது."

சோய் அதோடு அந்தப் பேச்சை மறந்துவிட்டாள். கம்மூன் மறக்கவில்லை. அவர் அதிகம் ஆசைப்பட்டுப் பழக்கமில்லாதவர். வந்த ஒரே ஆசை பெரியதாக வந்தது. தன் பெயரை ஒருமுறை மைக்கில் கூப்பிட வேண்டும், சோய் தன் பக்கத்தில் மேடையில் நிற்க வேண்டும், அவளுக்கும் ஒரு மாலை விழ வேண்டும். அவ்வளவுதான்.

அடுத்த வருஷம் நோன்பு நெருங்கியபோது தலைவர் சம்ரான் வீட்டுக்குப் போனார். அங்கே தலைவரும், ஊரின் சுகாதாரத் தொண்டரான லம்யாயும் உட்கார்ந்து யார் யாரைத் திருத்தலாம் என்று பேசிக்கொண்டிருந்தார்கள்.

"என் பேரையும் சேத்துக்கங்க," என்றார் கம்மூன்.

"எதுல அண்ணே?"

"குடிய நிறுத்தறவங்கள்ல."

சம்ரான் லம்யாயைப் பார்த்தார். லம்யாய் கம்மூனைப் பார்த்தாள்.

"நீங்கதான் குடிக்கறதில்லையே," என்றார் சம்ரான்.

"இல்ல."

"அப்ப எத நிறுத்துவீங்க?"

"நோன்பு முடியற வரைக்கும் குடிக்காம இருப்பேன்."

"அது இப்பவே இருக்கீங்களே அண்ணே."

லம்யாய் பொறுமையாக விளக்கினாள். "மாமா, மேலிடத்துல இருந்து வந்து கேப்பாங்க. முன்னாடி எப்படி இருந்தாரு, இப்ப எப்படி இருக்காருன்னு. நீங்க முன்னாடியும் நல்லாருக்கீங்க, பின்னாடியும் நல்லாருக்கீங்க. அத வச்சுக்கிட்டு நான் என்னத்தக் காட்டறது?"

"சிகரெட்டு?" என்றார் சம்ரான், உதவி செய்கிற குரலில்.

"பிடிச்சதில்ல."

"சீட்டு? தாயக்கட்டை?"

"தெரியாது."

சம்ரான் வாசலை ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "சின்னதா, பொம்பள விவகாரம் ஏதாச்சும்? பழசா இருந்தாலும் பரவால்ல."

"சோய் அடிப்பா."

"அப்ப ரொம்பக் கஷ்டம் அண்ணே," என்றார் சம்ரான். நிஜமாகவே வருத்தப்பட்டார். ஊரில் இவ்வளவு நல்ல மனிதருக்குத் திட்டத்தில் இடமில்லாமல் போனது அவருக்குச் சங்கடமாகத்தான் இருந்தது.

வேறு யாராவது இருந்தால் இதோடு விட்டிருப்பார்கள். கம்மூன் ஒரு வேலையைச் செய்வதற்கு முன்னால் அதற்கு என்னென்ன வேண்டும் என்று பார்க்கிறவர். பந்தலுக்கு முதலில் குழி வேண்டும். நிறுத்துவதற்கு முதலில் குடி வேண்டும். நேராகப் புன்தோமிடம் போனார்.

"எனக்குக் குடிக்கக் கத்துக்குடு."

புன்தோம் கையில் இருந்ததைக் கீழே வைத்தான். "வீட்ல யாராச்சும் செத்துட்டாங்களா அண்ணே?"

"இல்ல. நிறுத்தறதுக்கு."

"நிறுத்தறதுக்காகவா குடிக்கப் போறீங்க?"

"ஆமா."

புன்தோம் கொஞ்ச நேரம் யோசித்தான். அதில் அவனுக்குக் குறை எதுவும் தென்படவில்லை. "நானும் வருஷா வருஷம் அதத்தான் பண்றேன். சும்மா உக்காருங்க," என்றான்.

நோன்புக்கு முந்தைய மாதம் எங்கள் பக்கம் பையன்கள் அந்த மழைக்காலத்துக்கு மட்டும் துறவு பூணுகிற காலம். வாரத்துக்கு ஒரு வீட்டில் பந்தல் நிற்கும். அப்படி ஒரு வீட்டில், கம்மூன் முதல் தடவையாக நாற்காலியை வட்டத்துக்குள் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். ஊற்றுகிறவன் பழக்கதோஷத்தில் டம்ளரைத் தாண்டி நீட்டினான். கம்மூன் கை நீட்டி வாங்கிக்கொண்டார்.

வெள்ளைச் சாராயம். மூக்கருகே கொண்டுபோனதும் கண்ணில் தண்ணீர் வந்தது. தீக்காயத்துக்கு மருந்து தடவும்போது பல்லைக் கடிப்பதுபோலக் கடித்துக்கொண்டு ஒரே மடக்கில் இறக்கினார். பிறகு எழுந்து போய்ப் பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு நின்றார். பந்தல் ஆடுகிறதா என்று பார்ப்பதாகச் சொன்னார். வட்டத்தில் இருந்தவர்கள் கைதட்டினார்கள். ஒரு மனிதர் ஊருக்கே இத்தனை காலமாகப் பந்தல் போட்டிருக்கிறார், அவருக்கு யாரும் கைதட்டியதில்லை. கம்மூன் திரும்பி வந்து உட்கார்ந்து அடுத்த முறைக்குக் காத்திருந்தார்.

அவர் குடித்த மாதிரி எங்கள் ஊரில் யாரும் குடித்ததில்லை. நேரத்துக்கு வருவார், தன் முறையை முடிப்பார், முகத்தைச் சுளிப்பார், எல்லாருக்கும் வணக்கம் சொல்லிவிட்டுப் போவார். மருத்துவமனையில் ஊசி போட்டுக்கொள்ள வருகிறவர் தோற்றார். லம்யாய்க்கு இதில் திருப்தியில்லை.

"மாமா, குடிச்சா மட்டும் பத்தாது. யாருக்காச்சும் தொந்தரவு இருக்கணும்."

"என்ன தொந்தரவு?"

"அத நான் எப்படிச் சொல்றது? உங்களுக்குத் தோணறத பண்ணுங்க."

வீட்டில் தொந்தரவு இருந்தது, லம்யாய்க்குத்தான் தெரியவில்லை. முதல்நாள் வாசனையோடு படியேறியபோதே சோய் அவருடைய பாயைச் சுருட்டிக் கொட்டகைக்குள் எறிந்துவிட்டாள்.

"நான் மேடைன்னு சொன்னேன். சாராயம்னு சொன்னேனா?"

"அது வழியாத்தான் போகணுமாம்."

"எவன் சொன்னான்?"

"திட்டத்துல அப்படித்தான் இருக்கு."

"அப்ப திட்டத்தோடயே போய்ப் படுங்க."

அதற்குப் பிறகு அவள் பேசவில்லை. கம்மூன் நாற்காலிகளுக்கு நடுவே படுத்தார். அவள் பேசாமல் இருப்பது சாராயத்தைவிடக் கசப்பாக இருந்தது. ஆனால் பாதி போட்ட பந்தலை அவர் பிரித்ததில்லை. நோன்பு தொடங்கிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்தார்.

அதற்கு முன்னால் துறவுக் காலத்தின் கடைசி விருந்து வந்தது. பெரிய வீடு, பெரிய பந்தல், வட்டங்களே பல. கம்மூன் வழக்கமான முறையோடு நிறுத்தியிருப்பார். அன்றைக்குப் பிக்குவாகப் போகிற பையனின் அப்பா அவரைக் கட்டிக்கொண்டு, நீங்க இல்லாம இந்த ஊர்ல ஒரு காரியம் நடக்குமா என்று நாலு பேர் முன்னால் கேட்டுவிட்டார். கேட்ட சந்தோஷத்தில் நீட்டிய டம்ளரையெல்லாம் கம்மூன் வாங்கினார். விருந்து முடிந்து எல்லாரும் வழக்கம்போல் வண்டியருகே போய் வரிசையாக நின்றார்கள். வண்டியில் நாற்காலி இல்லை, டிராக்டரில் ஆள் இல்லை. கம்மூன் மடிக்காத தார்ப்பாயின் மேல் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்.

அன்றைக்குத்தான் எங்கள் ஊருக்கு ஒரு விஷயம் புரிந்தது. யாருக்கும் தன் வீட்டுக்குப் போகிற வழி தெரியாது. புன்தோம் மோட்டார் சைக்கிளோடு விகாரையின் தாமரைக் குளத்துக்குள் போனான். இன்னொருவர் தன் வீடு என்று பக்கத்துத் தெருவில் ஒரு வீட்டுக்குள் நுழைந்து படுத்துவிட்டார். காலையில் ஒட்டரிசிச் சோறும் மீனும் சாப்பிட்டு முடித்த பிறகே இரண்டு தரப்புக்கும் சந்தேகம் வந்தது. தலைவர் சம்ரான் விருந்தாளிகளின் மனம் நோகக் கூடாதே என்பதற்காக மட்டும் குடிப்பவர். அன்றைக்கு விருந்தாளிகள் நிறைய. விடிகாலையில் பிச்சைக்குக் கிளம்பிய பிக்குகள் அவரை ஊர் எல்லையில் பார்த்தார்கள். பஞ்சசீல கிராமம் உங்களை வரவேற்கிறது என்ற பலகையின் காலைக் கட்டிப்பிடித்தபடி தூங்கிக்கொண்டிருந்தார். பெரிய சாமி அவரைச் சுற்றிக்கொண்டு நடந்தார். பின்னால் வந்த பிக்குகளும் அதே வளைவில் நடந்தார்கள்.

அன்று ஒலிபெருக்கியில் சீலம் எதுவும் வரவில்லை. தொண்டை கட்டிய குரலில் ஒரே ஒரு அறிவிப்பு வந்தது. "ஊர்ப் பொதுநலன் கருதி, அண்ணன் கம்மூன் அவர்கள் உடனடியாகக் குடியை நிறுத்துமாறு அன்போடு கேட்டுக்கொள்ளப்படுகிறார்." மற்றவர்களை நிறுத்தச் சொல்ல வேண்டும் என்று அப்போது யாருக்கும் தோன்றவில்லை.

வெயில் ஏறியதும் ஒரு கூட்டமே அவர் வீட்டுக்கு வந்தது. புன்தோம் இன்னும் ஈரமாக இருந்தான், காதோரம் ஒரு தாமரைத் தண்டு.

"அண்ணே, இன்னையோட விட்டுடுங்க," என்றார் சம்ரான். "ஊரு தாங்காது."

கம்மூன் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "இப்ப விட முடியாது."

"ஏன்?"

"நோன்பு ஆரம்பிச்சு, நூல் கட்டி, அப்புறம் விட்டாத்தான் கணக்குல சேரும். இப்பவே விட்டா சேராதுன்னு லம்யாய் சொல்லிருக்கு."

எல்லாரும் லம்யாயைப் பார்த்தார்கள். லம்யாய் தன் செருப்பைப் பார்த்தாள்.

"சோய் அண்ணி, நீங்களாச்சும் சொல்லுங்க," என்றான் புன்தோம்.

சோய் பச்சடிக்காக உரலில் பப்பாளிக்காய் இடித்துக்கொண்டிருந்தாள். உலக்கையை நிறுத்தவில்லை. "நான் ஒரு வார்த்த சொல்லித்தான் இப்படி ஆயிருக்கு. ரெண்டாவது வார்த்த வேற சொல்லணுமா?"

நோன்பு தொடங்கும்வரை ஊரில் யாரும் பந்தல் போடவில்லை. எங்கள் கிராமம் பஞ்சசீலத்துக்கு மிக அருகில் வந்தது அந்தச் சில நாட்களில்தான்.

நூல் கட்டும் நாளில் பெரிய சாமி முன்னால் கம்மூன் முழந்தாளிட்டு மணிக்கட்டை நீட்டினார்.

"எத விடப்போற?"

"சாராயம், சாமி."

"எப்ப ஆரம்பிச்ச?"

"போன மாசம், சாமி."

பெரிய சாமி அவர் மணிக்கட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். பிறகு முடிச்சை மற்றவர்களுக்குப் போட்டதைவிட ஒரு சுற்று அதிகமாகப் போட்டு இறுக்கினார்.

நிறுத்துவதில் ஒரு சிரமமும் இல்லை. மறுநாள் மாலை வந்தது, போனது, கம்மூனுக்கு அது ஞாபகமே வரவில்லை. சோய் இன்னும் கொஞ்ச நாள் பார்த்துவிட்டு, அந்தப் பானைய எறக்கி வைங்க என்றாள். பாயை யார் உள்ளே கொண்டுவந்து விரித்தது என்று இரண்டு பேருமே கேட்டுக்கொள்ளவில்லை.

சிரமம் புன்தோமுக்கு. இத்தனை வருஷமும் அவன் எப்படி நோன்பைக் கடந்தான் என்று யாரும் கவனித்ததில்லை. நாங்கள் எல்லாரும் மேடையில்தான் அவனைப் பார்த்திருக்கிறோம். மாலையானால் கை நடுங்க ஆரம்பிக்கும். வீட்டில் இருக்க முடியாது, கடைத்தெருப் பக்கம் போகவும் பயம். கொட்டகைக்கு வந்து, கேட்காமலே ஈரத்துணியை எடுத்து நாற்காலிகளைத் துடைப்பான். அழுக்கில்லாத நாற்காலியையும் துடைப்பான், துடைத்ததைத் திரும்பவும் துடைப்பான். கம்மூன் எதிரே உட்கார்ந்து கயிற்றுக்கு முடிச்சுப் போட்டுக்கொண்டிருப்பார். புத்தி சொல்ல அவருக்குத் தெரியாது. கை நடுங்கி நாற்காலி விழுந்தால் எடுத்து நிமிர்த்தி வைப்பார்.

நோன்பு முடிகிற நாள் வந்தது. விகாரை முற்றத்தில் கம்மூனின் பந்தல், கம்மூனின் நாற்காலிகள். மாவட்டத்திலிருந்து அதிகாரி வந்திருந்தார். சோய் பட்டுத்துணி இடுப்பில் கட்டி, முன்வரிசையில் உட்கார்ந்து, மேடைக்குக் கூப்பிடும்போது பையை எங்கே வைப்பது என்று யோசித்துக்கொண்டிருந்தாள். மேலிடத்துக்குப் புது ஆளைக் காட்ட வேண்டும் என்பதால் இந்த வருஷம் முதல் பெயரே கம்மூனுடையது. மைக்கில் இரண்டு தடவை கூப்பிட்டார்கள், முதல் தடவை அவர் ஸ்பீக்கர் வயரைச் சரி செய்துகொண்டிருந்தார்.

அதிகாரி சட்டையைக் கையில் வைத்துக்கொண்டு கனிவாகக் கேட்டார். "குடிய விடறதுக்கு ரொம்பக் கஷ்டப்பட்டிருப்பீங்களே பெரியவரே?"

கம்மூன் சோயைப் பார்த்தார். சோய் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். இந்தப் பக்கம் பெரிய சாமி கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். ஆமாம் என்று ஒரு சொல் போதும், மாலை தயாராகத் தட்டில் இருக்கிறது. ஆனால் ஐந்தில் நான்காவது சீலம் பொய்யைப் பற்றியது. ஊரில் அந்தச் சீலம் ஞாபகம் இருந்த ஒரே ஆள் துரதிர்ஷ்டவசமாக மேடையில் நின்றுகொண்டிருந்தார்.

"இல்லீங்க," என்றார். "ஆரம்பிக்கறதுதான் கஷ்டமா இருந்துச்சு."

அதிகாரி சிரித்தார். கூட்டமும் சிரித்தது. அத்தோடு முடிந்திருக்கலாம்.

"எத்தன வருஷமா குடிச்சீங்க?"

"ஒரு மாசமா."

"அதுக்கு முன்னாடி?"

"தொட்டதில்லீங்க."

"அப்புறம் எதுக்குக் குடிச்சீங்க?"

"குடிச்சு நிறுத்தினாத்தான் மேடைக்குக் கூப்பிடுவாங்கன்னாங்க."

தலைவர் சம்ரான் பந்தல் துணியின் தையலை அண்ணாந்து ஆராய ஆரம்பித்தார். லம்யாய்க்குச் சமையல்கட்டில் வேலை வந்துவிட்டது. அதிகாரியின் கையில் சட்டை பாதி நீட்டியபடி நின்றது.

"கஷ்டப்பட்டது புன்தோம்தாங்க," என்றார் கம்மூன். "தினமும் பாத்தேன். அவனக் கேளுங்க, சொல்வான்." சொல்லிவிட்டு, மைக்கை அதன் தாங்கியில் ஒழுங்காக மாட்டிவிட்டு இறங்கினார்.

சட்டை புன்தோமுக்குப் போனது. அவன் மனைவிக்கு மாலை போனது. இந்தத் தடவை மேடையில் அவன் அழவில்லை. கேட்டதற்கு, கஷ்டமாத்தான் இருந்துச்சு என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கினான்.

கம்மூன் முன்வரிசைக்கு வந்தார். சோய் மேடையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒரே ஒரு பொய் சொல்லிருந்தா பல்லா கொட்டிருக்கும்?"

"சாமி பக்கத்துல இருந்தாரு."

"இல்லன்னா சொல்லிருப்பீங்களா?"

கம்மூன் உண்மையாகவே யோசித்தார். "தெரியல," என்றார்.

சோய் பக்கத்து நாற்காலியில் இருந்த தன் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். அவர் உட்கார்ந்தார்.

புன்தோம் மறுநாள் குடிக்கவில்லை. அதற்கடுத்த வாரம் குடித்தான். ஊர் அதை முன்னேற்றம் என்று எடுத்துக்கொண்டது.

அடுத்த நோன்புக்கு முந்தைய விகாரைக் கூட்டத்தில் பெரிய சாமி, வழக்கத்துக்கு மாறாக, தானே பேச்சை ஆரம்பித்தார். "விட்டவனுக்குச் சட்டை குடுக்கறோம். தொடாதவனுக்கு என்ன குடுக்கறோம்?"

கூட்டம் முழுக்கக் கம்மூன் பக்கம் திரும்பியது. சம்ரானின் முகத்தில் ஒரு வருஷத்துக் கடன் தீர்ந்த நிம்மதி. ஆனால் லம்யாய் கையைத் தூக்கினாள். விதி என்று வந்துவிட்டால் அவளுக்கு உறவு தெரியாது.

"சாமி, தொடாதவங்கன்னா வாழ்நாள்லயே தொடாதவங்களா?"

"ஆமா."

"மாமா போன வருஷம்..."

"குடிச்சேன்," என்றார் கம்மூன். "எல்லாரும் பாத்தாங்க."

ஊரிலேயே அந்தக் கௌரவத்துக்குத் தகுதியாக இருந்த ஒரே ஆண்பிள்ளையை ஊரே கைதட்டிக் குடிக்கவைத்துக் கெடுத்திருந்தது. வேறு யார் யார் என்று சம்ரான் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு போனார். பார்க்கப்பட்டவர்கள் எல்லாரும் விகாரையின் சுவர்ச் சித்திரங்களை ரசித்துக்கொண்டிருந்தார்கள்.

"அப்ப ஆளில்ல சாமி," என்றார்.

"இந்தப் பக்கம் உக்காந்திருக்கறவங்க ஆளில்லையா?" என்று பெரிய சாமி பெண்கள் பக்கம் கையைக் காட்டினார்.

"அது சாமி, பொம்பளைங்க குடிக்காம இருக்கறது, அது ஒண்ணும் பண்ணாம சும்மா இருக்கறதுதானே?"

"கம்மூன் இத்தன வருஷம் இருந்ததும் சும்மாதானா?"

பெண்களில் தொடாதவர்களைக் கைதூக்கச் சொன்னார்கள். நிறையக் கைகள் எழுந்தன. பிறகு பக்கத்தில் இருந்தவள் ஒருத்தியின் காதில், உங்க சின்ன நாத்தனா கல்யாணத்துல என்று ஏதோ ஞாபகப்படுத்த, ஒன்று இறங்கியது. புதுவருஷத் தண்ணீர்த் திருவிழாவில் பீர் என்று இன்னொன்று. லம்யாயின் கை எழவே இல்லை. கடைசியில் ஒரே ஒரு கை நின்றது. சோய் அதை இறக்க மறந்துவிட்டு யாரெல்லாம் இறக்குகிறார்கள் என்று திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்த வருஷ விழாவுக்கு வேறு அதிகாரி வந்தார், இளவயசுக்காரர். சோய் மேடையில் ஏறினாள். அவளுக்கு எதிரே ஊர் முழுக்க உட்கார்ந்திருந்தது.

"வாழ்நாள் பூரா ஒரு சொட்டுகூடத் தொடாம இருந்திருக்கீங்கம்மா. எப்படி முடிஞ்சது?"

சோய் மைக்கை வாயோடு ஒட்டிவைத்துக்கொண்டாள்.

"நேரம் இல்லீங்க."

அதிகாரி மீதிக்காகக் காத்திருந்தார். கூட்டமும் காத்திருந்தது. சோய் மைக்கைத் திருப்பிக் கொடுத்தாள். அவ்வளவுதான் என்று தெரிந்ததும் முதலில் பெண்கள் தட்டினார்கள், பிறகு எல்லாரும்.

கௌரவம் பெறுகிறவரின் துணைக்கு மாலை போடுவது வழக்கம். கணவரைக் கூப்பிடுங்கள் என்றார் அதிகாரி. கணவர் பந்தலுக்குப் பின்னால் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றார். காற்று எழும்பியிருந்தது, ஒரு பக்கத்து முளை தளர்ந்துவிட்டது.

"போங்கண்ணே, கூப்பிடறாங்க," என்றான் புன்தோம், கயிற்றை அவர் கையிலிருந்து பிடுங்கி. "நான் புடிச்சுக்கறேன்."

"ரெண்டு கையாலயும் புடி."

"புடிச்சுட்டேன். போங்க."

கம்மூன் தோளில் அழுக்குத் துண்டோடு மேடைக்கு வந்து சேர்ந்தார். சாமந்தி மாலை விழுந்தது. சோய் துண்டை உருவிப் பின்னால் மறைத்துக்கொண்டாள்.

"சிரிங்க. படம் எடுக்கறாங்க," என்றாள்.

அந்தப் படம் இப்போது தலைவர் வீட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறது. கம்மூன் சிரிக்கிறார். பந்தல் இடது பக்கமாக நன்றாகச் சாய்ந்திருப்பதும் அதில் தெரிகிறது.